கேளார் முப்பத்தெழுவர் பொருட்டு ஆம்பற்றுறையிலிருந்து விடுத்தது

மழை பொய்யாதிருக்க, ஏரி ஏழும் நிறைக, கோல் கோணாதிருக்க.

ஏழு ஏரிக்கும் இரு மலைக்கும் உரியவராய், வெண்சங்கு முத்திரை தரித்தவராய், முறையிட வந்தவர் எவராயினும் அவர் சொல்லி முடிக்கும் வரை இடைமறிக்காது கேட்பவராய், மாடமூதூர் அரியணையில் வீற்றிருந்து தண்வேலி நாடு புரக்கும் பெருமாட்டி வானவன் ஆழிமாதேவியாரின் திருமுன்னர்க்கு, அவர்தம் அவையில் ஓலை வாசித்துப் பொருளுரைக்கும் அமைச்சன் நெடுஞ்சேந்தன், ஆம்பற்றுறைப் பட்டினத்துச் சுங்க மண்டபத்திலிருந்து, ஆவணித் திங்கள் பதினான்காம் நாள் காலையில், தன் கையாலேயே எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் திருமேனி நலமாக இருக்க வேண்டுகிறேன். அரண்மனைக் குழந்தைகளும் யானைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முறைப்படி இவ்விடத்தில் இன்னும் பன்னிரண்டு வாழ்த்துரை வர வேண்டும். அவற்றை எழுதப் பொழுதில்லை, பொறுத்தருள்க.

தாங்கள் முத்திரையிட்டு என் கையில் தந்த ஆணை இது: ஆம்பற்றுறையில் நாள்தோறும் கூடும் கேளார் அனைவரையும் பிடித்து, பிடித்த நாள் தொட்டுப் பத்தாம் நாள் உச்சிப்பொழுதில் அவர்தம் தலை கொள்க. அதன் முற்பாதியை நிறைவேற்றினேன். முப்பத்தெழுவர் இம்மண்டபத்தின் கீழறையில் இருக்கின்றனர். பிற்பாதியை நிறைவேற்றுமுன் தங்களை இரந்து கேட்கவே எழுதுகிறேன். இன்று நான்காம் நாள். மாடமூதூருக்குக் குதிரை மூன்று நாளில் வரும். தங்கள் மறுமொழியோடு மூன்று நாளில் மீளும். முத்திரை ஓலையை மற்றொரு முத்திரை ஓலைதான் மாற்றும் என்பது நம் நாட்டு முறை. அமைச்சன் வாய்ச்சொல்லால் மாறாது. ஆகவே ஒரு பொழுதும் மிச்சமில்லை.

பிழை யாருடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை என்னுடையது. இப்பட்டினத்துத் துறைக்காவலர் கொற்றங்கீரன் சென்ற திங்கள் விடுத்த ஓலையைத் திருமுன் வாசித்தவன் நான். கேளார் நாள்தோறும் பெருகுகின்றனர் என்றும், கலம் திரும்பிய காரணம் பொய் என்கின்றனர் என்றும், ஆறாவது வருமுன் அவர்களை அடக்காவிடில் பட்டினம் முழுவதும் அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்றும் அதில் இருந்தது. கேளார் என்றால் பகைவர் என்று பொருளுரைத்தேன். ஆறாவது என்றால் ஆறாவது போர்க்கலம் என்றேன். அப்படியானால் முன் வந்த ஐந்து கலங்களை நாம் எவ்வாறு காணாது விட்டோம் என்று படைத்தலைவர் வினவியபோது, கண்ணுக்குத் தெரியாமல் வருவதால்தான் இது கொடிய பகை என்று விடையும் சொன்னேன். அவையில் தலையாட்டாதவர் ஒருவரும் இல்லை. பழநூல்களில் பகைவருக்கு அப்பெயர் உண்டு. கற்றவன் என்ற செருக்கில் அதையே பற்றிக்கொண்டேன். கேளார் என்றால் காதால் கேளாதவர் என்று தெருவில் போகிறவர் கொள்ளும் எளிய பொருள் ஒன்று இருப்பது என் நினைவுக்கே வரவில்லை.

நானூறு வீரரோடு வந்து, துறையில் இருந்த உப்புக் கொட்டகையைச் சூழ்ந்தேன். உள்ளே எழுபது எண்பது பேர், ஆணும் பெண்ணுமாக, பெருங்குரலில் ஏதோ வழக்காடிக்கொண்டிருந்தனர். இங்கே கேளார் யார் என்று கேட்டேன். மறைவார்கள், ஓடுவார்கள் என்று எண்ணி வாயில்களில் வேலோரை நிறுத்தியிருந்தேன். முப்பத்தாறு பேர் மார்பை நிமிர்த்தி எழுந்து நின்றனர். பிறகு ஒரு கொல்லர் தயங்கி எழுந்து, சென்ற திங்கள் வரை தாம் எதிர்ப்பக்கம் இருந்ததாகவும், இப்போது மனம் மாறிவிட்டதாகவும், தம்மையும் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் பணிவாகக் கேட்டார். சேர்த்துக்கொண்டேன். பெருமாட்டி, அந்த மனிதரின் முகம் அப்போது மலர்ந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விலங்கிட்டு விசாரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. குறுங்கண்ணி என்றோர் ஓவியப் பெண் இப்பட்டினத்தில் இருக்கிறார். நாற்பது முழத் துணியில் படம் எழுதி, இரு கழிகளில் சுருட்டி, ஒரு கழியிலிருந்து மறு கழிக்கு ஓடவிட்டுக்கொண்டே கதை பாடுவது அவர் தொழில். கார்த்திகையில் கடல் சீறிக் கலங்கள் கரையேறிக் கிடக்கும் நாள்களில், ஆண்டுக்கு ஒரு சுருள் காட்டுகிறார். இதுவரை ஐந்து சுருள் வந்திருக்கின்றன. ஆறாவது இவ்வாண்டுக் கார்த்திகையில் வரும். நான் போர்க்கலம் என்று அவையை நடுங்கவைத்த ஆறாவது இதுதான்.

கதையின் பெயர் விண்ணோடம். கடல் வற்றிப்போன ஒரு நாட்டார் விண்மீன்களுக்கிடையே ஓடும் ஓடங்கள் செய்து, வேறு கடல் தேடி வானத்தில் செல்கின்றனர். வானேறி என்ற மாலுமி ஓர் ஓடத்திலும், அவன் தங்கை மின்னி மற்றோர் ஓடத்திலும் போகின்றனர். விண்ணில் காற்றில்லை, ஆதலால் அங்கே ஒலியில்லை என்று முதற்சுருளில் பாடப்பட்டது. ஐந்தாம் சுருளில் ஓர் எரிமீனின் அருகே தங்கையின் ஓடம் முறிந்துபோகிறது. உயிரோடிருந்தால் சங்கு ஊதுகிறேன், ஊதாவிடில் நீ நில்லாமல் போய்விடு என்று முன்பே அவள் அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவன் போய்க்கொண்டிருக்கிறான். சங்கு ஒலிக்கிறது. ஓடத்தைத் திருப்பி அவளை மீட்கிறான். அன்று கரையில் அழாதவர் இல்லை என்கின்றனர். மறுநாட் காலையில் உப்பு விற்கும் அலரி என்னும் பெண், காற்றில்லாத இடத்தில் சங்கு எப்படிக் கேட்டது என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். அன்று பிளந்த பட்டினம் இன்னும் கூடவில்லை. சங்கொலி கேட்டது, அதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்பவர்களுக்குக் கேட்டார் என்று பெயர். கேட்டிருக்க முடியாது என்பவர்களுக்குக் கேளார் என்று பெயர். ஒன்பது திங்களாக, வலை உலர்த்தும் பொழுதிலும் உப்பு அள்ளும் பொழுதிலும் இதே பேச்சு. துறைக்காவலர் கொற்றங்கீரன் கேட்டார் பக்கத்தின் தூண். வாதத்தில் தோற்றுக்கொண்டே வந்த எரிச்சலில், மேலிடத்திலிருந்து யாராவது நல்ல புலவரை அனுப்பிக் கேளாரை வாயடக்கட்டும் என்றுதான் அவர் ஓலை விடுத்தாராம். நான் வாள் கொண்டுவந்தேன்.

இல்லாத ஓடத்திற்காகவா இத்தனை கூச்சல் என்று முதலில் எனக்குச் சினமே வந்தது. அதை மறைக்கவில்லை. கீழறைக்குப் போய், நீங்கள் சாகப்போகிறீர்கள், தெரியுமா என்று அவர்களிடம் கடிந்தே சொன்னேன். அலரி மட்டும், கார்த்திகை வரை தள்ளிப்போட வழியுண்டா, ஆறாம் சுருளைப் பார்த்துவிட்டுச் சாகிறோம் என்றார். மற்றவர்கள் தலையசைத்தனர். அது கேலியல்ல. நான் படியேறி மேலே வந்து நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் கேட்டார் பக்கத்தவர் மண்டபத்தின் முன் வந்து நின்றனர். எதிரிகள் பிடிபட்டதில் மகிழ்ந்து வந்தனர் என்று எண்ணினேன். தம் வாதத்தை மெய்ப்பிக்கப் போவதாகவும், கேளார் கண்ணெதிரே செய்யாவிடில் அது முறையன்று என்றும், ஆகவே முப்பத்தெழுவரையும் துறைக்கு அழைத்துவர வேண்டும் என்றும் அவர்கள் வேண்டினர். விலங்கோடு அழைத்துப் போனேன். திமிலன் என்ற சங்கு குளிப்பவர் தம் சான்றைச் சொன்னார். கடலுக்கடியில் காற்றில்லை; ஆயினும் மேலே படகின் பலகையைத் தட்டினால் ஆழத்தில் இருக்கும் தமக்குக் கேட்கிறது. ஆகவே ஒலி போகக் காற்றுதான் வேண்டும் என்பதில்லை, தொட்டுக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். மூன்றாம் சுருளில் இரு ஓடங்களுக்கும் நடுவே மெல்லிய செங்கோடு ஒன்று இருப்பதை அவர் கண்டுவைத்திருந்தார். அது இரண்டையும் பிணைக்கும் கயிறு என்றார்.

பிறகு இரு படகுகளைக் கடலில் தள்ளி, இடையே கயிறு கட்டி இழுத்து நிறுத்தினர். ஒரு படகில் கயிற்றின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, காதிரண்டையும் மெழுகால் அடைத்துக்கொள்ளுமாறு என்னைக் கேட்டனர். தங்கள் அமைச்சன் கயிற்றைக் கடித்தேன். மறுபடகில் திமிலன் கயிற்றை விரலால் சுண்டினார். பெருமாட்டி, என் தலைக்குள் கேட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டு இந்தக் காதுகளை வைத்திருக்கிறேன். அவை இல்லாமல் கேட்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கரையில் நின்ற வீரர்கள் தாங்களும் கடித்துப் பார்க்க வரிசையில் நின்றனர்.

அலரி மட்டும் மூன்றாம் சுருளைக் கொண்டுவரச் சொல்லி, விரித்து, அந்தச் செங்கோட்டைக் காட்டினார். படத்தில் கோடு நடுவே தொய்ந்திருந்தது. படகுகளை நெருக்கிக் கயிற்றைத் தொய்யவிட்டு மறுபடி கடித்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திமிலன் சற்று நேரம் தொய்ந்த கயிற்றையே பார்த்தார். பின்பு, இதை நான் கவனிக்கவில்லை அம்மா, நல்லது செய்தாய் என்று கைகூப்பினார். நம் அவையில் இருபத்தாறு ஆண்டு இருக்கிறேன். வாதத்தில் வீழ்ந்த ஒருவர் வீழ்த்தியவருக்கு நன்றி சொன்னதை அதுவரை நான் கண்டதில்லை. நானும் ஒருமுறையேனும் சொன்னதில்லை.

அப்படியானால் அவன் ஏன் திரும்பினான் என்று அலரியிடம் கேட்டேன். விசாரணைக்காகக் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவர் சொன்னதைத் துறைப் பேச்சிலேயே எழுதுகிறேன். அரண்மனைத் தமிழில் மாற்றிப் பார்த்தேன், வரவில்லை.

"அங்க சங்கு கேக்காதுன்னு அவளுக்குத் தெரியுங்கய்யா. தெரிஞ்சுதான் சங்குன்னு சத்தியம் வாங்கினா. அவன் போயிடணும், தப்பிச்சுக்கணும்னு. அவனுக்கும் அது தெரியும். அவன் ஒண்ணும் கேக்கலைங்கய்யா. கேக்காமத்தான் திரும்பினான்."

கேட்டார் பக்கத்தில் ஒருவர் மேலாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கிருந்த கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நூல்கள் எத்தனை கற்றேன். ஒரு கதையின் ஓட்டையில் கைவிட்டு இப்படி ஒன்றை வெளியே எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

மூன்றாம் நாள் ஓவியர் குறுங்கண்ணியை வரவழைத்தேன். கையெல்லாம் வண்ணத்தோடு வந்து நின்றார். எது மெய், உன் உள்ளத்தில் இருந்தது எது என்று கேட்டேன். பின்பு, முதற்சுருளில் காற்றில்லை என்று பாடியதைத் தாம் மறந்தேபோனதாகச் சொன்னார். ஐந்து ஆண்டாகிவிட்டது, அந்த வரி நினைவில் இல்லை. செங்கோடு கயிறும் அல்ல, தூரிகை நழுவியது. அவ்வளவுதான் உண்மை. பட்டினத்தார் வழக்காடத் தொடங்கியபோது வெட்கப்பட்டு ஒன்பது திங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். அலரி சொன்னதை அவருக்குச் சொன்னேன். கேட்டதும் அழுதார். மின்னி ஏன் சங்கைச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள் என்று தமக்கே இப்போதுதான் தெரிகிறது என்றார். தாம் மறந்ததை எல்லாம் அந்த முப்பத்தெழுவர் நினைவில் வைத்திருக்கின்றனர் என்றும், அவர்கள் இல்லாவிடில் ஆறாம் சுருளை எழுதப்போவதில்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் நாட்டின் அமைச்சன். அவர் என்னை வணங்கக்கூட மறந்துவிட்டார். எனக்கும் அது உறைக்கவில்லை.

துறைக்காவலர் கொற்றங்கீரனின் நிலையையும் சொல்ல வேண்டும். தம் ஓலையால் நேர்ந்தது இது என்று அறிந்ததும், தம் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டு அலரியின் பெயரை நீக்குமாறு என் கால்களைப் பற்றிக்கொண்டார். நீ கேட்டார் பக்கத்தவன், ஆணையில் உனக்கு இடமில்லை என்றேன். "அவங்க போயிட்டா நான் யார்கூட அய்யா வாதாடுவேன்?" என்றார். பெரிய உடம்பு, குழந்தைபோல் விம்மினார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போயிற்று. ஓலையில் அவர் எழுதிய சொல் சரியான சொல்தான். வாசித்தவன்தான் தவறாக வாசித்தான்.

படையின் நிலையும் நன்றாக இல்லை. அழைத்துவந்த நானூற்றுவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இப்போது கேளார், மறுபாதி கேட்டார். சமைக்கும் இடம்கூட இரண்டாகிவிட்டது. கேளார் அனைவரையும் பிடிக்க வேண்டும் என்பது ஆணையாயிற்றே, இவர்களை நான் எப்படி எண்ணுவது என்று உடன் வந்த படைத்தலைவர் வினவுகிறார். அவரே எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல மறுக்கிறார். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது.

பெருமாட்டி, இவர்கள் பகைவரல்லர். வரியைத் தவறாது செலுத்துகின்றனர். தங்கள் பெயரை அன்போடு சொல்கின்றனர். தங்களுக்கு எதிராக ஒரு சொல்லும் அந்தக் கொட்டகையில் எழுந்ததில்லை என்று என் தலைமேல் கைவைத்துச் சொல்கிறேன். உப்பு விற்பவரும் கொல்லரும் சங்கு குளிப்பவரும் ஒரே தரையில் அமர்ந்து, யாரும் போயிராத இடத்தில் ஒலி போகுமா என்று ஆராய்கின்றனர். போகும் என்றால் எதன் வழியே என்கின்றனர். போகாது என்றால் அதற்குப் பிறகும் ஒருவன் ஏன் திரும்புவான் என்கின்றனர். எழுதப்பட்ட ஒரு வரிக்கு எழுதியவரே கட்டுப்பட வேண்டும் என்று அவர்கள் கொண்டிருக்கும் நேர்மையைக் கண்டு நான் வியந்துபோனேன். வியப்பு என்பது சிறிய சொல். எனக்கு அவர்கள்மேல் அச்சம் கலந்த மரியாதை வந்துவிட்டது. நேற்று அந்தி சாயும் வேளையில் முதல் விண்மீன் தோன்றியபோது, அங்கே எத்தனை அமைதியாக இருக்கும் என்று நினைத்தபடி நின்றுவிட்டேன். இந்த வயதில் இப்படி நிற்பேன் என்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆகவே இரந்து கேட்கிறேன். ஆணையை மாற்றி முத்திரையிட்டு அருள்க. தண்டனை வேண்டுமெனில், ஒரு சொல்லைப் பொறுப்பின்றி வாசித்தவனுக்கு என்ன தண்டனையோ அதை எனக்குத் தருக, ஏற்கிறேன்.

இனி ஒன்று. தங்களிடம் மறைத்துப் பழக்கமில்லாததால் எழுதுகிறேன். நேற்றெல்லாம் அந்த ஐந்து சுருள்களையும் இருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். கேட்டார் தரப்பில் இன்னும் நல்ல வாதங்கள் இருக்கின்றன. திமிலன் இன்று காலையில்கூட ஒன்று சொன்னார், அது எளிதில் தள்ளத்தக்கதல்ல. ஆயினும் வானேறி ஓடத்தைத் திருப்பும் படத்தில் அவன் முகத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். காதில் ஏதேனும் விழுந்தவனின் முகமல்ல அது. மனத்தில் பட்டதை மாற்றிச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆணையோ கேளார் அனைவரையும் என்று சொல்கிறது. ஆதலால் கீழறையில் இருக்கும் பட்டியலில், கொல்லரின் பெயருக்கு அடுத்து, முப்பத்தெட்டாவதாக நெடுஞ்சேந்தன் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். விலங்கும் பூட்டச் சொல்லிவிட்டேன். இவ்வோலையை விலங்கிட்ட கையால் எழுதுவதால் எழுத்துச் சற்றே கோணியிருக்கும்.

இவ்வோலையைக் கொண்டுசெல்பவர் குதிரைவீரர் பூழியன். வழியிலுள்ள காவற்சாவடிகள் அனைத்தும் இவருக்குக் கேளாமலே குதிரை மாற்றித் தருக. சுங்கம் கேட்டு நிறுத்தாதிருக்க. மாடமூதூர் வாயிற்காவலர் இவரைப் பொழுது பாராது உள்ளே விடுக. இது துறை முத்திரையால் விடுக்கும் கட்டளை. அரசியார்க்கன்று, வழியில் உள்ளோர்க்கு.

நாடு வாழ்க. தங்கள் கோல் செம்மையுற்று நிற்க. நெடுஞ்சேந்தன் எழுத்து, ஆம்பற்றுறை மீன் முத்திரை, சான்று துறைக்காவலர் கொற்றங்கீரன். ஆவணி இருபதாம் நாள் உச்சிப்பொழுது வரை முப்பத்தெண்மரும் வடக்குச் சாலையைப் பார்த்திருப்போம்.